குத்தாமல் பார்க்கிற வெளிச்சம்

மறுபடியும் கோடு. மானிட்டரில் எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நீலமாக நிற்கின்றன. இப்போதுதான் எண்பத்தாறு காட்டியது, எண்பத்தாறு எண்பத்தைந்தாகி, ஒரு தரம் எண்பத்தெட்டுக்கு ஏறி, நான் மூச்சை விடுவதற்குள் கோடாகிவிட்டது. கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் போய்விடும். சாதனாவின் வலது பாதம் என் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருக்கிறது, தொட்டித் தண்ணீரில் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்து. பெருவிரலில் பிளாஸ்திரி மாதிரி ஒரு பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள், பட்டையின் ஒரு முனையில் சிவப்பு வெளிச்சம், எதிர்முனையில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற கண். நகத்தின் வழியே நுழைந்து சதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்கிற வெளிச்சத்தை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மானிட்டர் சொல்லிவிடுமாம். டாக்டர் நஸ்ரின் காலையில் சொன்னார். நின்றுகொண்டு சொல்லவில்லை, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார், டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்லதுக்கு இல்லை. "ரத்தம் எடுத்தும் பாக்கறோம்மா. ஆனா டெங்குல பிளேட்லெட் ரொம்ப இறங்கிப் போச்சு, குத்துன இடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது. சும்மா சும்மா குத்த முடியாது. இது குத்தாம பாக்கறது. என்ன ஒண்ணு, விரலுக்கு ரத்தம் ஓடுனாத்தான் இது படிக்கும்." "ஓடலீங்களா?" என்றேன். "கம்மியா ஓடுது" என்றார். கம்மி. கடையில் சர்க்கரை கம்மியாகப் போடுங்கள் என்று சொல்கிற கம்மி. அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், கம்மி என்றால் இருக்கிறது என்றுதானே, இல்லாததைக் கம்மி என்று யாரும் சொல்வதில்லையே. கைவிரல்கள் வீங்கிப் போனதால் காலுக்கு வந்தார்கள். கோடு வர ஆரம்பித்ததும் ஸ்டெஃபி சிஸ்டர், மார்த்தாண்டத்துப் பெண், சின்ன வயசு, என்னைக் கூப்பிட்டு, "அம்மா, பாப்பா காலை நல்லா பொத்திப் பிடிச்சுக்குங்க, சூடு ஏறுனா ரீடிங் வரும்" என்றார். பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேறென்ன செய்ய என்று இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

முழித்திருந்தால் இந்தக் காலை இழுத்துக்கொண்டிருப்பாள். தள்ளத் தள்ள அந்த நினைப்புதான் வருகிறது. "விடுங்க" என்பாள். என்னிடம் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். தலை பின்ன உட்கார்த்தினால் விடுங்க. ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறதே என்று குனிந்தால் விடுங்க. கோபமாகக் கூடச் சொல்ல மாட்டாள், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகத்தான் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அத்தை ருக்குமணி, "சித்தின்னு கூப்பிடு கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார். இவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்க அண்ணி, அவளாக் கூப்பிடறப்பக் கூப்பிடட்டும்" என்றேன், பார், நானும் அதே விடுங்கதான். அப்பாவிடம் பேசும்போது நான் அவங்க. அவங்க டிபன் வெச்சுட்டாங்க. அவங்க கம்பெனிக்குப் போயிட்டாங்க. பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை, டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு சட்டையாக விரித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்தாலும் கண் அதையேதான் செய்யும். அவளுடைய யூனிபார்ம் பாவாடையில் மடிப்புத் தையல் விட்டிருந்தால் துவைக்கப் போடும்போதே பார்த்துத் தைத்து மடித்து வைத்துவிடுவேன். காலையில் அந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. எனக்கென்று ஒரு பிள்ளை வேண்டாம் என்று பெண் பார்க்க வந்த அன்றே ருக்குமணி அண்ணி பேசிவிட்டார், புள்ளை ஏங்கிப் போயிரும் அம்மிணி என்றார், அந்த வயதில் வந்த வரன், நானும் சரி என்றுவிட்டேன், சரி என்று சொன்னது பெரிய விஷயமாக அப்போது தெரியவில்லை. இவளுடைய பாதத்தை இத்தனை பக்கத்தில் பார்த்ததே இல்லை. குதிகாலில் பழைய தழும்பு, சைக்கிள் செயின் பட்டிருக்கும், நான் வருவதற்கு முன்னால். நகங்களில் ஊதா பாலிஷ் பாதி உரிந்திருக்கிறது, பெருவிரலில் மட்டும் பஞ்சால் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள், பாலிஷ் இருந்தால் வெளிச்சம் போகாதாம். இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். இவளைப் பெற்ற அம்மாவுக்கும் அப்படி இருந்திருக்குமோ. வீட்டில் மாட்டியிருக்கிற படத்தில் கோகிலவாணிக்கு இடுப்புவரைதான் தெரியும். இவள் அப்பாவிடம் கேட்கலாம். இப்போதா கேட்பது. என்ன நினைப்பு இது, கோடு, கோடு, இன்னும் கோடுதான், இல்லை, எண்பத்துநாலு.

எண்பத்துநாலு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்தான் உள்ளே, அதனால் நீ இரு என்று சொல்லிவிட்டார், காரணம் அது இல்லை என்று எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். கோகிலவாணியை லாரி அடித்தபோது இந்த மாதிரி ஓர் இடத்தில், இந்த மாதிரி ஒரு பெட்டிக்கு எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவினாசியிலிருந்து திரும்பி வரும்போது கம்பெனி வேனை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "எழுபது இருந்துச்சு வசந்தா. அப்பறம் அறுவத்தெட்டு. எறங்க எறங்க நான் வாசிச்சிட்டே இருந்தேன். ஒருத்தரையும் கூப்பிடத் தோணல, வாசிச்சிட்டே இருந்தேன்." கூப்பிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, எல்லாரும் பக்கத்தில்தான் இருந்தார்களாம். சாதனாவைக் கொண்டு வந்த அன்று இந்தக் கதவுவரை வந்தார், அந்த டிக் டிக் சத்தம் கேட்டது, சென்னியப்பன் என்று சொன்னால் வேன் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஆள், அப்படியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். இப்போது அங்கிருந்து முகத்தை மேலே தூக்குவார், எப்படி இருக்கு என்று அர்த்தம். நான் தலையை ஆட்டுவேன். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. காய்ச்சல் இருந்த நாட்களில் கூட அவர் இப்படி இல்லை, மாத்திரை கொடுத்தோம், கிளினிக்கில் காட்டினோம், ரத்தம் பார்த்தோம், இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்டது. அதுதான். காய்ச்சல் விட்டது. காலையில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி வேண்டும் என்றாள், ஜாம் தடவி என்றாள், அவர் பேக்கரிக்கு ஓடினார், ருக்குமணி அண்ணிக்குப் போன் போட்டு, காய்ச்சல் விட்டுருச்சு அக்கா என்றார், நான் அடுப்படியில் நின்றுகொண்டு சும்மா சிரித்தேன். சாயந்திரம் வயிற்று வலி என்றாள். வாந்தி. தொட்டால் கை ஜில்லென்று, நெற்றியெல்லாம் வேர்வை. கிளினிக் டாக்டர் அவள் நகத்தை ஒரு அழுத்து அழுத்தி விட்டார், வெள்ளையானது வெள்ளையாகவே நின்றது, சிவப்பு திரும்பி வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "காய்ச்சல் விட்டப்பறம்தான் இது காலை வாரும். உடனே கோயமுத்தூர் கொண்டு போங்க" என்றார். நாங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று இங்கே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தப்புச் செய்திருந்தால் அதையாவது பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான், ஒரு முழு நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தோம், உள்ளே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலைத் துடைக்கிறார்கள். காலையில் அதில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை. கேட்க மாட்டேன். எங்கே கொண்டு போனார்கள், வார்டுக்கு மாற்றினார்களா என்று நான் கேட்க மாட்டேன், அந்தத் தாயின் மஞ்சள் துப்பட்டா கதவுக்கு வெளியே எங்கேயாவது தெரிகிறதா என்றும் பார்க்க மாட்டேன். வென்டிலேட்டர் புஸ் என்று தள்ளுகிறது, சாதனாவின் நெஞ்சு ஏறுகிறது, விடுகிறது, இறங்குகிறது. வாயில் குழாய், உதடு தடித்து, முகமே வேறு பிள்ளையின் முகமாக உப்பியிருக்கிறது, கண்ணுக்கு மேலே ஈரப் பஞ்சு. பாதம் மட்டும்தான் அவள் பாதமாக இருக்கிறது, அதனால்தான் நான் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. புஸ். என் மூச்சும் அதோடு சேர்ந்து போகிறது, அது தள்ளும்போது நானும் இழுக்கிறேன், அது நிறுத்தும்போது எனக்கும் நின்றுவிடுகிறது, எத்தனை நேரம் நிறுத்துகிறது, தூங்குகிற பிள்ளை இப்படியா மூச்சு விடும். எனக்கு எப்போதும் உள்ளங்கை சுடும். கம்பெனியில் இஸ்திரிப் பொட்டி என்று கேலி செய்வார்கள், மழைநாளில் பக்கத்து டேபிள் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சூட்டை இறக்குகிறேன், போ, போ என்று உள்ளே சொல்லிக்கொண்டே இறக்குகிறேன், பாலாடையில் ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. பெறாத பிள்ளைக்கு என் உடம்பிலிருந்து எதையும் கொடுத்ததில்லை. சோறு கொடுத்தேன், தையல் போட்டேன், அதெல்லாம் கையிலிருந்து போனது. இது உடம்பிலிருந்து. எடுத்துக்கொள். விடுங்க என்று சொல்லாதே. சொல், எழுந்து உட்கார்ந்து சொல், விடுங்க என்று சொல், நான் விட்டுவிடுகிறேன். கண் சொருகுகிறது. நேற்றும் தூங்கவில்லை. கை வேர்த்துக் கசகசவென்று இருக்கிறது, நல்லது, வேர்க்கட்டும், சூடு ஏறுகிறது என்றுதானே அர்த்தம், டிக் டிக் சத்தம் எங்கேயோ மேலே ஏறிப் போகிறது, தையல் மெஷின் சத்தம் போல, இல்லை, கோயில் மணி, இல்லை.

"அம்மா, பாத்தீங்களா?" ஸ்டெஃபி சிஸ்டர் என் தோளைத் தொட்டார். நிமிர்ந்து பார்த்தேன். தொண்ணூற்றேழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்றெட்டு. கீழே அந்த நீல அலை உயரமாக, ஒன்றுபோல, அழகாக ஓடுகிறது, இத்தனை நாளில் அதை இப்படி நான் பார்த்ததில்லை. "நீங்க பிடிச்ச பிடிதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஸ்டெஃபி டாக்டரைக் கூப்பிடப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையில் போனைத் தேடினார், எடுத்தார், காதில் வைத்தார், பேசுகிறார், சிரிக்கிறார், ஒரு பக்கத்துப் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், அது தெரிகிறது. எனக்குள் ஏதோ அவிழ்ந்து கீழே இறங்கியது. தொண்ணூற்றெட்டு. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன், டிக், டிக், நிதானமாக. நிதானம். காலையெல்லாம் அது ஓடுகிற பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்ததே. இப்போது நிதானமாக, கல் கல்லாக எடுத்து வைத்தது போல, டிக், என் கழுத்தில் ஒன்று துடிக்கிறது, டிக், கழுத்தில் ஒன்று. குனிந்து பார்த்தேன். என் கை வேர்வையில் பட்டை நழுவியிருந்தது. அவள் விரலை விட்டு இறங்கி, வெளிச்சம் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக, நடுவில் என் ஆள்காட்டி விரல். விரல் நுனி உள்ளே கங்கு வைத்த மாதிரி சிவந்து எரிகிறது. நான் அசையவில்லை. திரையில் மேலே அவள் பெயர், வயது, கட்டில் எண், கீழே என் ரத்தம். யாரும் பார்க்கவில்லை. அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம். அவர் பேசி முடிக்கட்டும். ருக்குமணி அண்ணியிடமாகத்தான் இருக்கும், அவர் பேசி முடிக்கும்வரை, அதற்கு மேல் வேண்டாம். யாருடைய ரத்தமாக இருந்தால் என்ன, அவள் பெயருக்குக் கீழே ஒரு தரமாவது ஓடுகிறதே, ஒரு தடவை அவளுக்காக நான் நன்றாக இருக்கிறேனே. விரலை எடுத்தால் கோடு. எடுக்காவிட்டால் என்ன ஆகும். இதை நம்புவார்கள். இவள் நன்றாக இருக்கிறாள் என்று நம்பி ஏதாவது செய்வார்கள். மறுபடியும் ஒரு பொய்யான நல்லதா. எடு. வசந்தாமணி, கையை எடு. கை என் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டர் நஸ்ரின் வேகமாக வந்தார், பின்னால் ஸ்டெஃபி. "தொண்ணூத்தெட்டா? அப்ப ஆக்சிஜனைக் கொஞ்சம் இறக்கிப் பாக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே வென்டிலேட்டர் பக்கம் கையைக் கொண்டு போனார். "வேண்டாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "வேண்டாங்க டாக்டர். அது என்னுதுங்க." "என்னம்மா?" "பாப்பாவோடது இல்லீங்க. என் விரலுங்க." கையை விரித்துக் காட்டினேன். சிவப்பு வெளிச்சம் விரலை விட்டு விழுந்து போர்வையில் கிடந்தது. திரையில் கோடு வந்தது. ஸ்டெஃபியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இப்பத்தான் நானும் கவனிச்சேன், மேல இதயத்துடிப்பு நூத்தி அறுவதுன்னு ஓடுது, கீழ விரல்ல துடிப்பு எண்பதுன்னு காட்டுச்சு, ஒத்துப் போகலையேன்னு" என்றார். என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அப்புறம் அவர்கள் இருவரும் வேகமாக வேலை செய்தார்கள், நான் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்துகொண்டேன். விரலைத் துடைத்துப் புதுப் பட்டை போட்டார்கள், கோடு. இன்னொரு காலில் போட்டார்கள், கோடு. காது மடலில் போட்டார்கள், ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, பிறகு எழுபத்தொன்று. அறுபத்தொன்பது. டாக்டர் வென்டிலேட்டரில் ஏதேதோ ஏற்றினார், அது இன்னும் பலமாகத் தள்ளியது, நெஞ்சு பலமாக ஏறி இறங்கியது, எண் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் தொடையில் குத்தி ரத்தம் எடுத்தார், ஊசிக்குள் அது கருஞ்சிவப்பாக வந்தது. அறுபத்தாறு. இதை அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று திரும்பினேன், கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் சாதனாவின் நகத்தை அழுத்தி விட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இப்போது எதற்கு என்று தெரியும். நானும் பார்த்தேன், சிவப்பு வரவில்லை. "அப்பா எங்கம்மா?" "வெளிய நிக்கறாருங்க." "உள்ள வரச் சொல்லுங்க." "நான் வெளிய போயிரட்டுங்களா?" என்றேன், ஒருத்தர்தானே. டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "வேண்டாம்மா. நீங்களும் இருங்க. ரெண்டு பேரும் இருங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வெயில் அப்படியே இருக்கிறது, யாரோ சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், குழம்பு வாசனை. "நான் கண்ணால பாத்தேன் அக்கா, தொண்ணூத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "இந்தா, நீயே சொல்லு" என்று போனை என் காதில் வைத்தார். ருக்குமணி அண்ணி அழுதுகொண்டிருந்தார். "அம்மிணி, நீ காலைப் புடிச்சுட்டே உக்காந்திருக்கியாமா. பெத்தவ கூட இப்படிச் செய்ய மாட்டா அம்மிணி." ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது, உள்ளே எண் என்ன ஆகியிருக்கும், அறுபத்திரண்டா, இங்கே நிற்கிற ஒவ்வொரு நொடியும் அங்கே ஒன்று இறங்கும். "அப்பறம் பேசறனுங்க அண்ணி" என்று வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் இன்னும் போகாமல் இருந்தது. "ஏனுங்க, உங்களை உள்ள கூப்பிடறாங்க." "என்னையா? ஒருத்தரத்தான விடுவாங்க?" "ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாங்க." அந்தச் சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, போன பிறகும் பல் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. குனிந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே போகிறவர்கள் கை கழுவ வேண்டும் என்று கதவுக்குப் பக்கத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், எப்படிக் கழுவுவது என்று சுவரில் படமும் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுவினார், உள்ளங்கை, புறங்கை, விரல் சந்து, நகக்கண். அலம்பிவிட்டு மறுபடியும் சோப்பு எடுத்தார், உள்ளங்கை, புறங்கை. முழங்கைவரை நுரை. "போதுங்க" என்றேன். "டீசல் நாத்தம் போகல வசந்தா" என்று மறுபடியும் சோப்புக்குக் கையை நீட்டினார். நான் குழாயை மூடினேன்.